முப்பத்தொன்றாம் தேதிக்கு மறுநாள்

அன்று ஓசூரில் பெய்தது சாதாரண மழை இல்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் கிளம்பிய கம்பெனி பஸ் ஒன்று மிதந்தே அத்திப்பள்ளி போய்ச் சேர்ந்ததாகவும், சுங்கச்சாவடியில் அதைப் படகு என்று எழுதிக்கொண்டு பாதிக் காசு வாங்கியதாகவும் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அந்த மழையில்தான், ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் ஒரே காலி நாற்காலிக்கு சுகுணாவும் அந்த மனிதரும் ஒரே நேரத்தில் வந்தார்கள். இருவரும் வெறும் வயிறு.

"மேடம், நான் பத்து மணி நேரமா சாப்பிடல."

"நான் பதினொண்ணு. தள்ளுங்க சார்."

அவர் தள்ளி நின்றார். சுகுணா நிமிர்ந்து பார்த்தாள். கோபப்பட வந்து, வந்த வேலையை மறந்துவிட்ட கண்கள் அவருக்கு…

பெயர் திம்மப்பன். வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் ஃபோர்மேன். மனைவி இறந்து ஒன்பது வருடம். இந்த மாதக் கடைசியில் பணி ஓய்வு. அவள் ரோஜாப் பண்ணையில் மேற்பார்வையாளர், ஐம்பத்து நான்கு வயது. மூன்று தம்பிகளுக்குக் கல்யாணம் செய்து வைத்த பரபரப்பில் தன்னுடையதை மறந்துவிட்டவள். இப்போதுதான் தனக்கென்று ஒரு மருத்துவக் காப்பீடு எடுக்க வந்திருந்தாள்.

பரிசோதனைகளில் அவள் இதயத்தில் ஓர் அடைப்பு தெரிந்தது. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூன்று வருடம் கழித்துத்தான் பணம் தருவோம் என்றார்கள் காப்பீட்டுக்காரர்கள்.

இட்லிக் கடையில் ஆரம்பித்த பேச்சு மூன்று வாரம் நீண்டது. இருபத்தெட்டாம் தேதி அவர் ஒரு ஃபாரத்தை நீட்டினார்.

"கம்பெனி இன்சூரன்ஸ். ரிட்டயர் ஆனாலும் பிரீமியம் கட்டுனா எனக்கும் சம்சாரத்துக்கும் ஓடும். பழைய நோவுக்கும் உண்டு. ஆனா சம்சாரம் பேரை முப்பத்தொண்ணுக்குள்ள சேத்துடணும். கல்யாணம் பண்ணிக்கலாமா?"

"எம்மேல பரிதாபமா சார்?"

"உங்க நல்லதுக்குத்தான்…"

"இன்சூரன்ஸ் கார்டுக்காகக் கழுத்த நீட்டறவ இல்ல நான்."

நடந்துவிட்டாள். பிடித்திருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்… சொல்லவில்லையே. நெஞ்சு வலித்தது. எந்த வலி என்று டாக்டருக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

முப்பத்தொன்றாம் தேதி இரண்டு முறை போனைக் கையில் எடுத்தாள். இரண்டு முறையும் வைத்துவிட்டாள். அன்று மாலை அவருடைய தொழிற்சாலைச் சங்கு கிருஷ்ணகிரி வரை கேட்டதாம். சுகுணாவுக்குச் சத்தியமாகக் கேட்டது.

மறுநாள் காலை, பண்ணை வாசலில் திம்மப்பன் சீருடை இல்லாமல் நின்றார்.

"நேத்தோட கெடு முடிஞ்சுது. இப்ப உங்களுக்குத் தர்றதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல. அதான் மறுபடி கேக்க வந்தேன். உங்களப் பிடிச்சிருக்கு. அத முதல்ல சொல்லாம ஃபாரத்த நீட்டிட்டேன்."

"நேத்தே வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"நேத்து சொன்னா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரியும்.

"மூணு வருசத்துக்கு எனக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"ஆயிட்டா?"

அவர் யோசித்துப் பார்த்தார். பொய் சொல்ல வரவில்லை.

"பயமாத்தான் இருக்கு. கூட இருப்பேன்."

இத்தனை நாள் 'சார்' என்று கூப்பிட்ட வாயில் இன்று அது வரவில்லை.

"ஏங்க…" என்றாள். "எனக்கும் உங்களப் பிடிச்சிருக்கு. மூணு வருசம் என்னங்க… அதுக்கு மேலயும் இருக்கணும்னு இப்பத்தான் ஆசை வருது."