குன்றவேளின் முதற்கவளம்

வெள்ளாற்று நீரில் முழுமதி முகம் பார்க்கத் தொடங்கிய அந்தி வேளையில், பகை மன்னர் நிகரிலிவேளின் பாசறையில் அடுப்புகள் மூண்டன. மோர் விற்பவளாய் அங்கே புகுந்திருந்த கொற்றநங்கை, மறுநாள் படை எந்தத் துறையில் ஆற்றைக் கடக்கும் என்பதை அறிந்துவிட்டாள். விடியுமுன் அச்செய்தி அக்கரைக் கோட்டையை எட்டாவிட்டால், அவள் ஊரே தீக்கிரையாகும்.

நழுவப் பார்த்தவளை வீரர்கள் விட்டால்தானே! "உண்டுவிட்டுப் போ, பெண்ணே!" என்று இலையைப் போட்டுவிட்டார்கள். மறுத்தால் ஐயம் எழும். அமர்ந்தாள்.

"பன்னிரு கோட்டைகளை வென்ற நம் மன்னர் எங்கே, ஏரி வெட்டியே காலம் கழித்துக் கடைசிப் போரில் தோற்று மாண்ட குன்றவேள் எங்கே?" என்றான் ஒருவன்.

"ஏரியைத் தூக்கிக்கொண்டா போருக்கு வந்தார்?" என்றான் இன்னொருவன். பாசறையே சிரித்தது.

கொற்றநங்கைக்கு உள்ளம் கொதித்தது. அந்தக் கொதிப்பில்தான், வாசகர்களே, அவள் கை தன் வழக்கத்தைச் செய்துவிட்டது! முதற்கவளத்தை எடுத்து இலையோரம் வைத்தாள். பஞ்சகாலத்தில் ஏரி வெட்டியபோது, மண் சுமந்தவர்க்கு முதற்கவளத்தைத் தந்த பின்னரே குன்றவேள் உண்பார். அவர் மறைந்தபின், அவருக்கென ஒரு கவளம் ஒதுக்காமல் அந்நாட்டார் உண்பதில்லை. வேறெந்த நாட்டிலும் இவ்வழக்கம் கிடையாது.

படைத்தலைவன் சாத்தன் அதைக் கண்டான். அவளைத் தனியே ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றான்.

"யார் நீ?"

"குன்றவேளின் மகள். வெட்டுவதானால் வெட்டும்! எந்தையை எள்ளியவர் முன் கெஞ்சமாட்டேன்."

சாத்தன் வாளை உருவவில்லை. கரையில் கட்டியிருந்த ஓடத்தை அவிழ்த்தான்.

"தேவி, அந்த ஏரியில் மண் சுமந்தவள் என் தாய். அவள் கைபிடித்து நின்ற எனக்கு உம் தந்தையார் ஊட்டிய சோற்றை நான் மறக்கவில்லை. நிகரிலிவேள் பெருவீரர், வாளும் பதவியும் தந்தார். ஆனால் அவற்றைப் பெற நான் உயிரோடிருந்தது யாரால்? ஓடத்தில் ஏறும்."

"உம் கதி?"

"மன்னர் கேட்டால் தலையைக் கொடுப்பேன். அவர் உப்பையும் தின்றவனல்லவா?"

"என்னோடு வந்துவிடும்!"

அவன் தலையசைத்து மறுத்து, ஓடத்தைத் தள்ளிவிட்டான். அது நீரோட்டத்தோடு கிழக்கே சென்று நாணலில் மறைந்ததும், "ஒற்றர்! மேற்கே ஓடுகிறார்கள், மேற்கே!" என்று பாசறை அதிரக் கூவினான். துடுப்பை வலித்துக்கொண்டே கொற்றநங்கை, பகைவன் ஒருவனுக்காக வாய்விட்டு அழுதாள்.