களைக்கொல்லி போன வழி

முப்பத்தெட்டு வருஷம் குடிநீர்த் தொட்டியில் பம்ப் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். தன் வீட்டுக் குழாயைத் திறந்து, மூன்று தெரு தள்ளிப் போய்க்கொண்டிருந்த எறும்பின் இடது பின்னங்காலை மட்டும் நனைத்தவர். நீங்கள் நம்ப வேண்டாம். கூடப் பிறந்த தங்கச்சியே நம்பவில்லை. சரிவுத் தெருவில், சுவருக்கு அந்தப் பக்கம் கீழ்வீட்டில் இருந்தாள். "மண்ணுக்குள்ள தண்ணி எங்க போகுதுன்னு உனக்குத் தெரியுமாக்கும்! மூக்குக்கண்ணாடியை எங்க வச்சேன்னே தெரியாது உனக்கு" என்பாள்.

அன்று காலை தெரிந்த கோளாறு சின்னதுதான். களைக்கொல்லி அடித்துப் பத்து நாளாகியும் அவர் புல்தரையில் களைகள் விருந்துக்கு வந்த மாமன் மாதிரி சொகுசாக நிமிர்ந்து நின்றன. சுவருக்கு அந்தப் பக்கம், தங்கச்சி தோட்டத்தில், புல் ஒரு கை அகலத்துக்குக் கோடு கிழித்தாற்போல் மஞ்சளித்திருந்தது.

பற்றிக்கொண்டு வந்தது அவருக்கு. டப்பாவில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: அடித்து இரண்டு நாள் தண்ணீர் விடாதே, பிறகும் லேசாகத் தெளி. "எனக்கே பாடமா?" என்று மருந்து அடித்த அன்றைக்கே குழாயை முழுசாகத் திறந்துவிட்டு மத்தியானத் தூக்கத்துக்குப் போனவர் அவர். எதையும் அழுத்தம் கொடுத்துத் தள்ளியே பழகிய கை. சாயங்காலம் வரை ஓடிய தண்ணீர், மேல்மண்ணில் தங்க வேண்டிய மருந்தை அடிமணலுக்கு உருட்டிக்கொண்டு போயிற்று. களை சாகாத ஆத்திரத்தில் மறுநாளும் திறந்தார். அதற்கு மறுநாளும்.

கோட்டின் நுனி தங்கச்சியின் கிணற்றைப் பார்த்திருந்தது. அவள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

குழாயை இறுக மூடினார். மறுநாள் கோடு இரண்டு முழம் நீண்டிருந்தது. அடுத்த நாள், நாலு.

தண்ணீரே இல்லாமல் எது தள்ளுகிறது?

மூன்றாம் நாள் பழைய இரும்புக் கம்பியை எடுத்தார். மண்ணுக்கடியில் குழாய் கசிந்தால், கம்பியை ஊன்றி மறுமுனையில் காதை வைத்து இடம் கண்டுபிடிப்பது அவர் தொழில் வழக்கம். உச்சி வெயிலில், மருந்தின் புளித்த வாடையும் சுட்ட மண்ணின் வாடையும் மூக்கை அரிக்க, நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்க, முழங்காலிட்டுக் காதை வைத்தவருக்குக் கசிவின் சீறல் கேட்கவில்லை. கிண்ணத்தின் விளிம்பில் உதடு வைத்து, அவசரமே இல்லாமல், யாரோ உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்கிற சத்தம் கேட்டது.

விழுங்கல். மூச்சு. மறுபடி விழுங்கல்.

கீழ்வீட்டுக்கு ஓடினார்.

"கிணத்துத் தண்ணியைத் தொடாதே! மருந்து வருது!"

"வெயில்ல புல்லு காஞ்சா அதுக்குப் பேரு மருந்தா?"

"மூணு நாளா நான் குழாயே திறக்கலடி! அதுவா வருது!"

"அதுவா வருதா? பஸ் பிடிச்சா?"

"அறிவு கெட்டவளே, சொன்னாக் கேளு!"

"யாருக்கு அறிவு இல்ல? பிறந்ததிலேருந்து உன் புளுகைக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப் போச்சு. இப்ப உன் கண்ணு முன்னாடியே குடிக்கிறேன், பாரு!" வாளியைக் கிணற்றுக்குள் வீசினாள்.

தண்ணீரில் விழும் சத்தம் வரவில்லை.

கயிறு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. சட்டென்று விறைத்தது, கீழே யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி.

இப்போது கம்பி இல்லாமலே கேட்டது. விழுங்கல்.

அண்ணனை முறைத்தபடியே அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குனிந்தாள். அவரும் குனிந்தார். உள்சுவரின் பச்சைப் பாசி ஆழத்திலிருந்து மஞ்சளித்து ஏறிக்கொண்டிருந்தது. ஒரு வளையம். அடுத்த வளையம். நிதானமாக.

"கையை எடு."

எடுக்கவில்லை.

"எடுடி!"

வரவில்லை. கல்லோடு ஒட்டிக்கிடந்தது கை. கடைசி வளையம் விளிம்பைத் தொட்டது. சுண்டுவிரல் நகம் மஞ்சளாயிற்று. அடுத்த விரல். அதற்கடுத்தது.

கோபமெல்லாம் வடிந்த முகத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"நிஜம்தாண்ணா. அதுவாத்தான் வருது."