குக்கர் தேவை

மாமாவின் சாப்பாட்டுக் கடையில் சமைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். மாமாவோ வெந்நீர் வைத்தாலே அடிபிடிக்கும் ரகம். இரண்டு நாளில் ஆள் கிடைக்காவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

அதனால் மாமாவே ஒரு பலகையில் ஆங்கிலத்தில் எழுதி வாசலில் மாட்டினார்.

"எப்படி என் இங்கிலீஷ்?" என்று காலரைத் தூக்கி விட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஒருவர் பழைய குக்கரோடு வந்தார். "மூடி மட்டும் கொஞ்சம் மக்கர் பண்ணும்" என்றார்.

மறுநாள் காலையில் இன்னும் இரண்டு பேர் குக்கரோடு வந்தார்கள். ஒன்றில் விசிலே இல்லை.

"ஊரே குக்கர் விக்கக் கிளம்பிடுச்சா?" மாமா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

மாமாவின் அக்கா மகள் ஐந்தாம் வகுப்பு. எல்லோரும் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வாசலுக்குப் போய்ப் பலகையைப் படித்தாள். ஆங்கிலத்தில் 'குக்கர் தேவை' என்று இருந்தது.

போன மாதம் வகுப்பில் அவளும் இதே தப்பைச் செய்திருந்தாள். பாடுகிறவர் சிங்கர், ஓட்டுகிறவர் டிரைவர், அப்படியென்றால் சமைக்கிறவர் குக்கர்தானே? இல்லையாம். சமைக்கிறவர் வெறும் குக். குக்கர் என்றால் பாத்திரம். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது கடைக்குள் பக்கத்துக் கடைக்காரர்கள் அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழுந்தால் மாமாவை ஒரு வருஷத்துக்குக் கிண்டல் செய்வார்கள்.

"மாமா, போர்டுல ஒரு படம் வரையட்டுமா?"

"வரை. என் எழுத்தைக் கெடுத்துடாத."

"கெடுக்க மாட்டேன் மாமா."

'குக்கர்' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி இரண்டு எழுத்துகளும் மறைந்து 'குக்' மட்டும் தெரியும்படி, வெள்ளை பெயின்டில் பெரிய சமையல்காரத் தொப்பி ஒன்றை வரைந்தாள்.

மத்தியானமே ஓர் அம்மா வந்தார். கையில் குக்கர் இல்லை, சொந்தக் கரண்டி இருந்தது. அவர் வெங்காயம் வதக்கிய வாசனையிலேயே மாமா வேலை கொடுத்துவிட்டார்.

"நேத்தே மாட்டினேனே, உங்க கண்ணுல படலையா?"

"பட்டுச்சு சார். நேத்து பாத்திரம்தானே கேட்டிருந்தீங்க? இன்னிக்குத்தான் ஆள் கேட்டிருக்கீங்க."

மாமா வாசலுக்குப் போய்ப் பலகையை உற்றுப் பார்த்தார். பிறகு வாலுவைப் பார்த்தார். அவள் வெள்ளை விரல்களை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"தொப்பி நல்லா இருக்கு" என்றார் மெதுவாக.

"உங்க எழுத்தும்தான் மாமா."

உள்ளே குக் பாடிக்கொண்டிருந்தார். குக்கர் விசிலடித்தது.