சிவந்திருந்த இடது கண்

"ஐயோ... என் காபி!"

எவாந்தியா திடுக்கிட்டு நின்றாள். கிரேக்க நகரம் தெசலோனிக்கியின் ஆஸ்பத்திரிப் படிகளில் மழை. அவள் முகத்தில் கறுப்புக் கண்ணாடி. எதிரே ஒருவன்... சட்டையெல்லாம் காபி.

"மழையில எதுக்குங்க கறுப்புக் கண்ணாடி? சினிமா நடிகையா?"

"வழியில நின்னது நீங்க!" வெடுக்கென்று சொல்லிவிட்டு நடந்தாள். சண்டை போடக்கூட அலுப்பாக இருந்தது.

மேலே, மருந்து ஏற்றும் அறையில், பக்கத்து நாற்காலியில் அவனேதான்! ஸ்டெர்யோஸ். அவனுக்கும் தோல் புற்றுநோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் அதே மருந்து.

கண்ணாடியில் தெறித்திருந்த காபியைத் துடைக்கக் கழற்றினாள். இடது கண் செக்கச்செவேலென்று...

"எத்தனை நாளா?" அவன் குரல் தாழ்ந்தது.

"ஒரு வாரம். யாரோ கண்ணு வெச்சுட்டாங்களாம். பெரியம்மா போன்லயே மந்திரம் சொன்னாங்க. சொல்லும்போதே அவங்களுக்கு மூணு கொட்டாவி வந்துச்சாம்... அத்தனை பொல்லாத கண்ணாம்."

"எங்கம்மாவுக்கு அஞ்சு கொட்டாவி. நானும் நம்பி, டாக்டர்கிட்ட சொல்லாம இருந்தேன். இது மருந்து பண்ற வேலைங்க. இப்ப என் வலது கண்ணுல பாதி நிழல்தான். படியில நீங்க வந்ததே தெரியல."

"சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்க. நிறுத்தினா கட்டி வளரும். உங்க வேலையைப் பாருங்க!"

நர்ஸ் வந்தாள். "புதுசா ஏதாவது தொந்தரவு?"

வழக்கமான 'ஒண்ணுமில்ல' நாக்கின் நுனியில் இருந்தது. இடது ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தக் கண்ணுக்கு மங்கலான முகம்... அழகா, சுமாரா? தெரிந்துகொள்ளாமலே போய்விடுவேனா?

"கண்ணு..." என்றாள்.

அன்று அவளுக்கு மருந்து ஏற்றவில்லை. கண் டாக்டர் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். "நல்லவேளை, இப்பவே சொன்னீங்க. வீக்கம் அடங்கட்டும், மறுபடி ஆரம்பிக்கலாம்."

வெளியே வந்தபோது உலகமே கரைந்து தெரிந்தது. மழையில் ஓர் உருவம்.

"ரெண்டு காபி வாங்கியிருக்கேன். ஒண்ணு குடிக்க, ஒண்ணு நீங்க கொட்ட."

சிரிக்கத் தெம்பில்லாமலே சிரித்தாள். "நர்ஸ்கிட்ட ஏன் சொன்னேன் தெரியுமா? உங்க முகத்தை ஒரு தடவையாவது தெளிவாப் பாக்கணும்னு... போதுமா?"

அவன் அவளுடைய சிவந்த கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு அழகான கண்ணு..."

சொன்னவன் சட்டென்று பதறி, அவள் பக்கமாக மூன்று முறை துப்புவதுபோல் செய்தான்.

"தூ... தூ... தூ... என் கண்ணே பட்டுடப் போவுது!"