லேப்டாப் யார் பேச்சைக் கேட்டது?

அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டால் வீட்டில் குண்டூசி கூட விழக்கூடாது. அதுதான் சட்டம்.

பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகங்களைப் படித்து ஒலிப்பதிவு செய்வது அம்மாவின் வேலை. சின்ன அறையின் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, நடுவில் மைக்கை நிறுத்தியிருந்தார். மைக்கிலிருந்து ஒரு வயர் பக்கத்திலிருந்த கறுப்புப் பெட்டிக்குப் போகும். பெட்டியிலிருந்து இன்னொரு வயர் கதவிடுக்கு வழியாகக் கூடத்துக்கு வந்து லேப்டாப்பில் சேரும். லேப்டாப் உஸ்ஸென்று சத்தம் போடும் என்பதால் அதற்கு அறைக்குள் இடமில்லை.

சிட்டுவுக்கும் இடமில்லை.

சிட்டு என்பது வீட்டில் கூப்பிடும் பேர். வயது பத்து. இந்த வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. தோழிகள் எல்லோரும் பழைய தெருவிலேயே இருந்துவிட்டார்கள். பள்ளியும் விடுமுறை. அம்மா வாசிக்கும்போது அவள் லேப்டாப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பாள். பிஸ்கட்டைக்கூடக் கடிக்காமல் பாலில் ஊறவைத்தே தின்பாள். யாராவது விளையாடக் கூப்பிட்டால் உடனே ஓடலாம் என்று காலில் ஷூ மட்டும் தயாராக மாட்டியிருப்பாள்.

அன்று அம்மா ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு வெளியே வந்தார். பதிவைக் கொஞ்சம் ஓடவிட்டதுமே அவர் முகம் மாறியது.

"என்னம்மா?"

"என் குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. அஞ்சு மணிக்குள்ள அனுப்பணுமே. நாளன்னிக்கு அந்தப் பிள்ளைங்களுக்குப் பரீட்சை."

அம்மா மைக்கை மாற்றினார். அதே கையோடு வயரையும் மாற்றினார். பெட்டியை அணைத்துப் போட்டார். மறுபடியும் கிணறுதான். பழுது பார்ப்பவரோ, "நாளைக்கு வரேன்" என்று ஃபோனை வைத்துவிட்டார். அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாத்தையும் ஒரேடியா மாத்தினா எதுல தப்புன்னு எப்படித் தெரியும்? ஒண்ணொண்ணாப் பாக்கலாமே" என்றாள் சிட்டு.

"சரிங்க டாக்டரம்மா. எங்க ஆரம்பிக்கலாம்?"

"நீ மைக்குல பேசு."

அம்மா பேசினார். ஒவ்வொரு சொல்லுக்கும் பெட்டியில் பச்சை விளக்கு மின்னியது.

"மைக்கும் வயரும் நல்லா இருக்கு" என்றாள் சிட்டு. பெட்டியில் செருகியிருந்த ஹெட்போனை மாட்டிப் பார்த்தாள். அம்மாவின் குரல் கணீரென்று கேட்டது. "பெட்டியும் நல்லா இருக்கு. அதான் உள்ள இருந்தப்ப உனக்குத் தெரியல."

மிச்சம் லேப்டாப்தான். சிட்டு ஹெட்போனோடு கூடத்துக்கு வந்து, அதை லேப்டாப்பில் செருகி, பழுதான பதிவை ஓடவிட்டாள். அம்மாவின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. அதற்கு மேலே, மிகப் பக்கத்தில், யாரோ கிசுகிசுத்தார்கள்.

"பாத்தியா, வலது ஷூ? இன்னிக்கும் நம்மளக் கூப்பிடல."

"யாரு, இடது ஷூ?"

"எதிர்வீட்டுப் பிள்ளைங்க. பந்து இங்க வந்து விழுந்துச்சு. எடுத்துக் குடுத்தோம்ல? வாங்கிட்டு ஓடிட்டாங்க."

சிட்டுவுக்குக் காது சுட்டது. அது அவள் குரல்தான். சட்டத்தை மறந்து, இரண்டு ஷூவுக்காகவும் தானே மாறி மாறி ஒரு மணி நேரமும் பேசியிருக்கிறாள். ஒரு பட்டனைத் தட்டினால் எல்லாம் அழிந்துவிடும். அவள் விரல் பட்டன் வரை போனது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உள்ளே மைக் முன்னால் பேசிய அம்மா தூரத்தில். இங்கே உட்கார்ந்திருந்த தான் மட்டும் பக்கத்திலா?

"அம்மா, இதைக் கேளு" என்று ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தாள். தலை நிமிரவில்லை. "லேப்டாப்புக்குள்ளயே ஒரு மைக் இருக்குல்ல? அது வழியாத்தான் கேட்டிருக்கு. உன்னைக் கேக்கல. என்னைத்தான் கேட்டிருக்கு."

அம்மா கேட்டார். தேவைக்கும் அதிகமாகவே கேட்டார். பிறகு லேப்டாப்பின் ஒலி அமைப்புகளைத் திறந்தார். சிட்டு சொன்னது சரிதான். முந்தைய நாள் லேப்டாப் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டபோது பெட்டியை விட்டுவிட்டுத் தன் சொந்த மைக்குக்கு மாறியிருந்தது. பெட்டியைத் தேர்ந்தெடுத்ததும் அம்மாவின் ஒவ்வொரு சொல்லுக்கும் திரையில் பச்சைக் கோடு துள்ளியது.

அம்மா மறுபடியும் உள்ளே போய்ப் பாடம் முழுவதையும் புதிதாக வாசித்தார். ஐந்து அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பாடம் போய்ச் சேர்ந்தது.

"அந்தப் பழைய பதிவை அழிச்சிடட்டுமா?" என்று சிட்டு மெல்லக் கேட்டாள்.

"இரு. நான் இன்னும் முழுசாக் கேக்கல."

அம்மா தன் நாற்காலியில் பாதி இடம் விட்டு அவளை உட்காரவைத்துக்கொண்டார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்த ஒரு மணி நேரத்தை முதலிலிருந்து ஓடவிட்டார்.