இரண்டு சீட், ஒரு ஸ்பேனர்

ணங்!

இரண்டாவது அடி டாக்டரின் காதுக்கு மேலே இறங்கியது.

முதல் அடிக்கே முன்கண்ணாடியில் ரத்தம் தெறித்திருந்தது. இரண்டாவதற்குத் தலை தொங்கிவிட்டது.

கீழே நாலாயிரம் அடி. மேலே ஞாயிற்றுக்கிழமைக் காலை வெயில். நடுவே இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு சின்ன விமானம்... அதில் ஒருவர் கையில் ஸ்பேனர்!

அவர் வக்கீல். அடி வாங்கியவர் கண் டாக்டர். முப்பது வருட நண்பர்கள்.

டாக்டர் கண்ட்ரோல் ஸ்டிக் மேல் சரிய, விமானம் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு பாய்ந்தது.

"டேய்! செத்தும் கழுத்தறுக்கிறியேடா!"

வக்கீல் அவர் காலரைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். தன் பக்கத்து ஸ்டிக்கை இரண்டு கையாலும் இழுத்தார். ஆறும் ரோடும் கண்ணாடி முழுக்கப் பெரிதாகி... பெரிதாகி... ஒருவழியாகக் கீழே நழுவின.

வக்கீலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

விமானத்தில் ஆளுக்குப் பாதிப் பங்கு. பன்னிரண்டு வருடமாக ஒரு ஞாயிறு தவறியதில்லை. 'எனக்கு றெக்கை வச்ச சக்களத்தி!' என்று வக்கீலின் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

எல்லாம் இரண்டு நிமிடம் முன்புவரை ஒழுங்காகத்தான் இருந்தது.

"இடது பக்கம் ஒரு கொக்குக் கூட்டம் போச்சே, பாத்தியா?" என்று டாக்டர்தான் ஆரம்பித்தார்.

"பாத்தேனே!"

"பொய் சொல்லாதடா. அங்க ஒரு ஈ கூடப் போகல."

வக்கீல் தலையை இடது பக்கம் திருப்பித் தேடினார்.

"போன வாரம் டெஸ்ட்லயே தெரிஞ்சுபோச்சு. உனக்கு இடது ஓரம் சுத்தமாத் தெரியல. நாளைக்கு லைசென்ஸ் ஆபீஸுக்கு லெட்டர் போடப்போறேன்."

"போட்டா நான் அப்புறம் பறக்கவே முடியாதுடா!"

"போடலேன்னா என்னிக்காவது யார் வீட்டு மேலயாவது போய் விழுவே. மன்னிச்சுக்கடா."

அப்போதுதான் வக்கீலின் கை, சீட்டுக்கு அடியிலிருந்த டூல் பைக்குள் போனது.

இப்போது அவருக்கு மூச்சிரைத்தது. அழுகையும் வந்தது.

"வாரம் பூரா கோர்ட்டு, ஃபைலு, பொய்ச் சாட்சின்னு சாக்கடையில நிக்கறேன். இந்த ஒருநாள்தான் மனுஷனா இருக்கேன். அதையும் புடுங்கிக்கப் பாத்தியேடா பாவி!"

டாக்டரின் தொண்டையில் ஏதோ கரகரத்தது.

"இன்னும் போகலையா நீ?"

ணங்! ஸ்பேனர் வலது தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எஞ்சின் இரைச்சலையும் மீறிக் கேட்டது.

டாக்டர் அசையவில்லை.

வக்கீல் கண்ணைப் பாதையிலிருந்து எடுக்காமலே, கையால் தடவி, இடது சீட்டிலிருந்த டாக்டரின் பெல்ட்டைக் கழற்றிவிட்டார். ஜன்னலைத் திறந்து ஸ்பேனரை ஆற்றில் வீசினார். தொழில் புத்தி, உடனே வாய்விட்டே ஒத்திகை ஆரம்பித்துவிட்டது.

"காத்துல விமானம் தூக்கிப் போட்டுச்சு... டாக்டர் பெல்ட் போடல... தலை கம்பியில மோதிச்சு... ம்ஹூம், மூணு காயம் இருக்கே! ஒரு அடிக்கு ஒரு காயம். அப்போ மூணு தடவை தூக்கிப் போட்டுச்சு. ஸ்பேனரு? அதான் ஆத்துல போயிடுச்சே. யாரு கண்டா?"

திருப்தியாக இருந்தது. குரலை நடுங்க வைத்துக்கொண்டு ரேடியோவில் ஃப்ளையிங் க்ளப்பைக் கூப்பிட்டார்.

"க்ளப்! க்ளப்! ஐயோ, டாக்டருக்கு அடிபட்டுடுச்சு!"

பிறகு க்ளப் ரேடியோவில் உட்காரும் பெண்ணின் குரல்... தாலாட்டுகிற மாதிரி.

"பதறாதீங்க சார். ஓடுபாதை காலியா இருக்கு. மெதுவா வாங்க. ஆம்புலன்ஸ் ரெடி."

தங்கமான பொண்ணு என்று நினைத்துக்கொண்டார்.

இறங்கும்போது இடது சக்கரம் ஓரத்து விளக்குகள் இரண்டை நொறுக்கியது. வக்கீல் அதைப் பார்க்கவே இல்லை. விமானம் நின்றது. ஆம்புலன்ஸ்காரர்கள் டாக்டரை ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஓர் இன்ஸ்பெக்டர்!

"என்ன சார் நடந்துச்சு?"

"காத்துல தூக்கிப் போட்டுச்சு சார்..."

"எத்தனை தடவை?"

"மூணு தடவை."

"ஒரு அடிக்கு ஒரு காயம். கணக்கு சரியா இருக்கு!"

அது வக்கீல் ஆகாயத்தில் சொன்ன அதே வார்த்தை!

ரேடியோ பெண் கண்கள் சிவக்க ஓடி வந்தாள்.

"ஏழு நிமிஷம்! க்ளப் மொத்தமும் ஸ்பீக்கர்ல கேட்டோம். டாக்டரோட சம்சாரமும் கேட்டாங்க. அவரு ஸ்டிக்ல இருக்கற பேசற பட்டனை நீங்க எங்களைக் கூப்பிடற வரைக்கும் விடவே இல்ல! அமுக்கினா ரெண்டு மைக்கும் சேந்து திறக்கற பழைய விமானம் சார் இது!"

"அப்போ... அவ்வளவு அன்பாப் பேசினியே?"

"அவரு முனகினது எனக்குக் கேட்டுச்சு. நீங்க பயந்து விழுந்து தொலைச்சா, அவரும்ல போயிருப்பாரு?"

போயிருப்பாரா? அப்போ இன்னும் போகலையா?

வக்கீல் தலையை முழுதாகத் திருப்பிப் பார்த்தார். ஸ்ட்ரெச்சரில் ரத்தத்துக்கு நடுவே ஒரு கண் மட்டும் திறந்தது. பட்டனை அமுக்கிய டாக்டரின் இடது கட்டைவிரல் இன்னும் மடங்கியே இருந்தது.

"டேய் வக்கீல்..."

டாக்டர் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு சொன்னார்.

"கோர்ட்ல முப்பது வருஷமா வாய்தா வாங்கினவன்... ஆகாயத்துல ஏழே நிமிஷத்துல வாக்குமூலம் குடுத்துட்டியேடா!"