பாலத்து இறக்கத்து வளைவு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சின்னவளை நடுவில் வையுங்கள். பயந்தால் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே. யுத்தக் காலத்தில் அடையாற்றுப் பாலத்து இறக்கத்தில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்கிறேன்.

நாற்பத்து மூன்றாம் வருஷம், மார்கழி மாசம். மயிலாப்பூரில் அப்துல் வஹீத் என்று ஒருவர் மோட்டார் ஓட்டக் கற்றுக்கொடுத்து வந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும். நெற்றியில் இன்னும் ஆறி முடியாத ஒரு காயம். அன்று விடியற்காலை, அவருடைய பழைய காரில் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள் சாந்தோம் ஆரோக்கியமேரி. பதினெட்டு வயதுப் பெண். மறுநாள் அவளுக்கு லைசென்ஸ் பரீட்சை. தேறினால் ஆம்புலன்ஸ் ஓட்டும் வேலை காத்திருந்தது.

வஹீத் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவே ஒரு பலகைமேல் வைத்தார். அவர் பாடம் எப்போதும் அதில்தான் ஆரம்பிக்கும்.

"இன்னா பாய், நாளைக்கு லைசென்ஸ் எனக்கா, இந்தச் செம்புக்கா?"

"சிரி, சிரி. வண்டி வலது பக்கம் திரும்பும். தண்ணி நேராத்தான் போவேன்னு அடம் புடிச்சிக்கினு இடது பக்கமா ஏறும். உன் ஒடம்பும் அப்பிடித்தான். பிரேக் போட்டா வண்டி நிக்கும். உள்ள கீற ஒடம்பு நிக்காது. மறந்துடாத."

காதருக்கும் இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருந்தார்.

காதர், அமீனா பீயின் ஒரே பிள்ளை. மேரியோடு சேர்ந்து வண்டி பழகியவன். பெட்ரோலுக்குக் கூப்பன் கொடுத்த காலம் அல்லவா? சொட்டு சொட்டாக மிச்சம் பிடிக்க வேண்டும். இறக்கம் வந்தால் கியரை நியூட்ரலில் தள்ளி, வண்டியைச் சும்மா உருளவிடச் சொல்லி இரண்டு பேரையும் பழக்கிவிட்டார் வஹீத். ஐப்பசியில் ஒரு மழை நாள், பாலத்து இறக்கத்தில் காதர் அப்படியே செய்தான். இழுத்துப் பிடிக்க இஞ்சின் துணையில்லாமல் வண்டி தலைதெறிக்க ஓடியது. திரும்பக் கியர் விழவில்லை. பல்லோடு பல் உரசிக் கத்தியது. ஈரத்தில் பிரேக்கும் பிடிக்கவில்லை. வளைவில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தில் போய் மோதியது. பக்கத்தில் இருந்த வஹீதுக்கு நெற்றிக் காயத்தோடு போயிற்று.

வண்டி நின்றது.

காதர் நிற்கவில்லை.

"பையன் அவசரப்பட்டுட்டான்" என்று ஊரிடம் சொன்னார் வஹீத். காதரின் மையத்தை அடக்கத்துக்கு எடுத்த வீட்டில், அமீனா பீயின் முகத்தைப் பாராமல், அங்கேயும் அதையே சொன்னார். அதற்குப்பின் நியூட்ரல் என்ற பேச்சையே எடுக்கவில்லை. இனிமேல் அப்படிச் செய்யாதே என்று மேரியிடம் சொன்னால், ஏன் என்று கேட்பாளே!

தட்டி நிமிர்த்திய அதே வண்டி கிளம்பியது. யுத்தத்துக்காக முக்கால்வாசி கறுப்படித்த முன்விளக்குகள் பனியில் மினுக்கென்று எரிந்தன. ஆற்றின் சேற்று வாடை வந்தது.

"பாய், வண்டி கனக்குது. ரெண்டே பேருதான கீறோம்?"

வஹீத் பாலத்துக்கு முன்னால் பிரேக் போடச் சொன்னார். எப்போதும் விளக்குக் கம்பத்தோடு நிற்கும் வண்டி, அன்று அதைத் தாண்டி ஆறடி போய் நின்றது.

மூன்றாவது ஆள் இருந்தால் அப்படித்தான் நிற்கும். அவருக்குத் தெரியாதா?

மெல்லத் திரும்பிப் பார்த்தார். பின்சீட்டில் யாரும் இல்லை. ஆனால் மெத்தையின் ஒரு பக்கம் குழிந்து அமுங்கியிருந்தது.

அப்போதுதான் செம்பைக் கவனித்தார். தண்ணீர் இடது பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. விளிம்புவரை ஏறி, சாய்ந்தபடியே நின்றது.

வண்டி அசையவில்லை.

தண்ணீர் மட்டும் வளைவில் போய்க்கொண்டிருந்தது.

"போலாமா பாய்?" மேரியின் கண் சாலைமேலேயே இருந்தது. வேண்டாம் என்று சொன்னால், அதற்கும் ஏன் என்று கேட்பாளே! அவர் பேசாததையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவள் வண்டியைக் கிளப்பினாள்.

பாலம் முடிந்தது. இறக்கம் ஆரம்பித்தது. பனிக்குள் மரம் கறுப்பாகத் தெரிந்தது.

மேரியின் இடது கை, பழகிய பழக்கத்தில், கியருக்குப் போயிற்று.

வஹீதின் காதோரம் ஒரு மூச்சு. ஈர மண்போலச் சில்லென்று.

"சொல்லு பாய்."

"நியூட்ரல் போடாத! மேரி, போடாத!"

"நீதான பாய் சொல்லிக் குடுத்த?"

"தப்பா சொல்லிக் குடுத்தேன். காதர் அவசரப்படல. நான் சொன்னதத்தான் செஞ்சான். அவன் செத்தது என்னாலதான்!"

அவள் கை விலகியது. இஞ்சின் முனகிக்கொண்டே வண்டியை இழுத்துப் பிடித்தது. மரம் பக்கத்தில் வந்தது, நின்று பார்த்தாற்போல் இருந்தது, பின்னால் போயிற்று.

மேரி வண்டியை ஓரங்கட்டினாள். கன்னமெல்லாம் கண்ணீர்.

"அவங்கம்மாகிட்ட சொன்னியா பாய்?"

அவர் தலையாட்டினார், இல்லை என்று. அவள் வேறொன்றும் கேட்காமல் வண்டியை மயிலாப்பூர்ப் பக்கம் திருப்பினாள்.

அமீனா பீ முற்றத்தில் நின்றபடியே வஹீத் சொன்னதையெல்லாம் கேட்டார். அழவில்லை. திட்டவில்லை.

"எம்புள்ள மேல தப்பில்ல?"

"இல்லம்மா. ஒண்ணுமே இல்ல."

செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு வந்தார். காரின் பின்கதவைத் திறந்து ஏறினார். ஏறியவர் உள்ளே நகர்ந்து நகர்ந்து, பாதிச் சீட்டைக் காலியாக விட்டு, அந்தக் கோடியில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

"வண்டிய எடு, வஹீத். மெதுவா போ."

"எங்கம்மா?"

"எங்கனா போ. கொஞ்ச நேரம் எம்புள்ளையோட குந்திக்கினு வரேன்."

கதவைச் சாத்த வஹீத் கையை நீட்டினார். அதற்குள் உள்ளிருந்து யாரோ இழுத்ததுபோல், பதவிசாக, அது சாத்திக்கொண்டது.

அமீனா பீயின் இரண்டு கைகளும் மடியில்தான் இருந்தன.

போய்ப் படுங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கிளம்பிப் போனபடியே முழுசாகத் திரும்பி வரட்டும். உங்கள் வாசலில் வந்து நிற்கிற வண்டியெல்லாம் நல்ல சேதியோடே வந்து நிற்கட்டும். ஒரு தலை குறையாமல், ஒரு வேளை அடுப்பு அணையாமல், எல்லோரும் நன்றாயிருங்கள்.